அரசமரத்தடியில் ஒரு ‘அ’: பெங்களூரில் சின்னக் குழந்தையோடு எழுத்து உலா, முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் உயிரெழுத்து அட்டையில் ‘உ’வுக்கு உரல், ‘ஒ’வுக்கு ஒட்டகம், ‘ஃ’க்கு எஃகு. நாலரை வயது மகள் இந்த மூன்றில் எதையும் நேரில் பார்த்ததில்லை. அல்சூரில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? பள்ளியில் அவளுக்கு ஆங்கிலம், வேனில் கன்னடம், வீட்டில் தமிழ். அதுவும் பேச்சில் மட்டும். தமிழ் எழுத்து என்பது அந்த அட்டையோடு சரி.

ஆனால் எங்கள் தெருமுனையில் ஓர் அரசமரம் இருக்கிறது, அதில் அணில் இருக்கிறது, அடியில் எறும்பு இருக்கிறது. அட்டையை விட்டுவிட்டு எழுத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. ஒன்றரை வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். எது வேலைக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்று இப்போது ஓரளவு தெரிகிறது. மூன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வழி இல்லை. எழுத்து இங்கே ஒரு சல்லடை. பூங்காவுக்குள் நுழைந்தால் ஆயிரம் விஷயம் கண்ணில் படும், குழந்தை எதையுமே பார்க்காமல் ஊஞ்சலுக்கு ஓடிவிடும். ‘இன்றைக்கு எ’ என்று சொல்லிவிட்டால் எறும்பு தெரியும், எருக்கு தெரியும், எட்டுக்கால் பூச்சி தெரியும். மீதியெல்லாம் அடுத்த வாரத்துக்கு.

முதல் படி: வரிசையை மறந்துவிடுங்கள்

அ, ஆ, இ, ஈ என்று ஒழுங்காகப் போகலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது வாரமே இடித்தது. ‘ஈ’க்கு ஈசல் பார்க்க வேண்டும் என்றால் மழை வரவேண்டும், நாங்கள் இருந்ததோ ஜனவரியில். எழுத்தின் வரிசையைப் பருவம் தீர்மானிக்கட்டும். பன்னிரண்டு உயிரும் ஓர் ஆய்தமும் முடிய ஒரு வருடம் ஆனால் ஆகட்டும்.

இரண்டு வாரத்துக்கு ஓர் எழுத்து, ஒரே இடம், ஒரு மணி நேரம். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முதல் உலாவில் ‘அ’வில் பத்துப் பொருள் கண்டுபிடிக்கப் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். நான்காவதைத் தேடும்போது மகள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். தப்பு என்னுடையது. மூன்று பொருள் போதும். அவளாக நான்காவதைக் கண்டுபிடித்தால் அது அவளுடைய வெற்றி.

இரண்டாம் படி: பை

பையில் என்ன வேண்டும் என்று யோசித்து யோசித்துக் குறைத்ததில் மிஞ்சியவை இவை: தண்ணீர், சின்ன பூதக்கண்ணாடி, கோடு போடாத நோட்டு, இரண்டு கிரேயான், ஒரு சாக்பீஸ், காலித் தீப்பெட்டி ஒன்று, கிழிந்த பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு. வேட்டித் துண்டுதான் எல்லாவற்றிலும் உபயோகமானது. அதை ஒரு புதரின் அடியில் விரித்து, கிளையை மெதுவாக இரண்டு உலுக்கு உலுக்கினால் அதுவரை கண்ணுக்கே தெரியாத சிலந்தி, வண்டு, புழு எல்லாம் வெள்ளைத் துணியில் வந்து விழும். பார்த்துவிட்டு அதே புதரில் உதறிவிட வேண்டும்.

செல்போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். படம் எடுக்க ஆரம்பித்தால் நம் கண் திரையில் இருக்கும், குழந்தையும் படத்தைக் காட்டச் சொல்லும், அணில் போய்விடும்.

மூன்றாம் படி: இரண்டே சட்டம்

கேட்காமல் தொடக்கூடாது, எதையும் வாயில் வைக்கக்கூடாது. கீழே விழுந்ததை எடுக்கலாம், செடியில் இருப்பதைப் பறிக்கக்கூடாது என்பது மூன்றாவதாகத் தானே ஒட்டிக்கொண்டது.

சட்டம் போடக் காரணம் உண்டு. நம் பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக வைத்திருக்கும் அரளியின் எல்லாப் பாகமும் விஷம். ஏரிக்கரையில் மண்டிக்கிடக்கும் ஊமத்தை விஷம். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. சிவப்பும் கறுப்புமாக மின்னும் குன்றிமணி குழந்தையின் கைக்கு மிட்டாய் மாதிரி தெரியும், அதுவும் விஷம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை உலாவின் கடைசிப் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அரளி என்றதும் ஒரு கதை. ஒரு நாள் அரசமரத்து மேடையில் உட்கார்ந்திருந்த கன்னடப் பெரியவர், மகள் கையில் இருந்த இலையைக் காட்டி “இது அரளி மர” என்றார். பதறிப்போய் இலையைப் பிடுங்கி எறிந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கன்னடத்தில் அரளி என்றால் அரசமரம்! நம்முடைய அரளி அவர்களுக்குக் கணகிலெ. அந்த நாளிலிருந்து நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் கன்னடப் பெயரையும் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறோம். அதில் கிடைத்த வேடிக்கையைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: இனி எழுத்துகள்

‘அ’வுக்கு அரசமரமும் அணிலும் போதும். அரசிலையின் காம்பு நீளம், அதனால் மற்ற மரமெல்லாம் சும்மா இருக்கும்போதும் இது சலசலக்கும். குழந்தையை நிமிர்ந்து பார்த்துக் காது கொடுக்கச் சொல்லுங்கள். விழுந்த இலை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தால், சில வாரங்களில் சதை அழுகிப்போய் நரம்பு மட்டும் வலையாக மிஞ்சும். நாற்றம் வரும், பால்கனியில் வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் கிடைப்பதை என் மகள் இன்னும் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

அணிலின் முதுகுக் கோட்டுக்கு ராமர் கதை சொல்லாமல் எந்தத் தமிழ் வீட்டிலும் முடியாது. சொன்னேன். அடுத்த வாரம் டெல்லியில் இருக்கும் அவள் அத்தை, வீட்டு மாடிக்கு வந்த அணிலைப் படம் எடுத்து அனுப்பினார். அங்கே அணிலுக்கு ஐந்து கோடு, நம் பக்கத்து அணிலுக்கு மூன்று. “டெல்லி அணிலை ராமர் அஞ்சு விரலால தடவினாராப்பா?” என்றாள். இரண்டும் வேறு வேறு இனம் என்று சொல்லிப்பார்த்தேன், அவள் விளக்கம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

‘ஆ’வுக்கு ஆலமரம். மைசூர் சாலைப் பக்கம் ராமோஹள்ளியில் ‘தொட்ட ஆலத மர’ என்று சுமார் 3 ஏக்கருக்குப் பரந்த பெரிய ஆலமரம் இருக்கிறது. மூல மரம் நோய் கண்டு அழிந்தபிறகும் விழுதுகளே மரமாக நிற்கின்றன. பார்க்கவேண்டிய மரம்தான். ஆனால் நான்கு வயதுக் குழந்தையை மைசூர் சாலை நெரிசலில் அவ்வளவு தூரம் கூட்டிப்போனால் போய்ச்சேரும்போது தூங்கியிருக்கும். அங்கே குரங்குகளும் பையைப் பிடுங்கும். கப்பன் பூங்காவில் விழுது விட்ட ஒரு மரம் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குள் வண்டிகளை விடுவதில்லை என்பதால் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம், பெங்களூரில் அது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்கே தெரியும். விழுதைத் தொட்டுப் பார்க்கட்டும், தொங்க விடாதீர்கள். கீழே விழுந்த ஆலம்பழத்தை நீங்களே பிட்டுக் காட்டுங்கள். பூக்கள் எல்லாம் பழத்துக்குள்ளேதான் இருக்கின்றன, ஒரு குட்டிக் குளவி உள்ளே புகுந்துதான் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. அத்திக்கும் அரசுக்கும் அதே கதை.

‘இ’ என்றால் எல்லோரும் இலை என்பார்கள். இலையின் மேல் நோட்டுத் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு பதியும், அதைச் செய்யுங்கள். ஆனால் ‘இ’வின் உண்மையான விருந்து லால்பாக்கில் இருக்கிறது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது, இப்போது 240 ஏக்கர். அங்கே ஒரு பிரமாண்டமான இலவமரம் நிற்கிறது. அடிமரத்திலிருந்து வேர்கள் சுவர் சுவராக எழும்பி நிற்கும், பக்கத்தில் நிறுத்தினால் குழந்தை அந்த வேரைவிடக் குட்டையாகத் தெரியும். இலவம் பஞ்சுத் தலையணை இந்த மரத்துக் காயிலிருந்துதான் என்று சொன்னபோது மகள் நம்பவில்லை. ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய தலையணையின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினேன். அப்புறம் இலவு காத்த கிளியின் கதை. லால்பாக்கில் பச்சைக்கிளிக்குப் பஞ்சமில்லை, கதை கேட்டுக்கொண்டே கிளியையும் பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போங்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் போகவே போகாதீர்கள், கூட்டத்தில் குழந்தைக்கு மனிதர்களின் முதுகு மட்டும்தான் தெரியும்.

‘ஈ’க்கு எங்கும் போகவேண்டாம். கோடை மழை பெய்த மாலையில் பால்கனி விளக்கைப் போட்டால் ஈசல் தானே வரும். ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். புற்றைவிட்டுப் பறந்து, இணை சேர்ந்து, சிறகை உதிர்த்துவிட்டுப் புதுப் புற்றுக்கு இடம் தேடும். மறுநாள் காலையில் உதிர்ந்த சிறகுகளைப் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். பல்லிகளுக்கு அன்று தீபாவளி. அதையும் பார்க்கட்டும், கண்ணை மூடவேண்டாம்.

‘உ’ என்றால் எங்கள் வீட்டில் உதிர்ந்த பூ. இதில் பெங்களூரை அடிக்க வேறு ஊர் கிடையாது. லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், ஒரு மரத்தின் பூ முடியும்போது இன்னொரு மரம் பூக்கும்படி சாலை மரங்களை அமைக்கும் யோசனையை முன்வைத்தார். அதன் பலனை நாம் மிதித்துக்கொண்டு நடக்கிறோம். வருடத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபெபுயா, பிறகு மஞ்சள் டபெபுயா, ஊதா ஜகரண்டா, ஏப்ரல், மே வந்தால் சிவப்பு குல்மொஹர். அதனால் ‘உ’வை மட்டும் ஒரே உலாவாக முடிக்காமல் மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டோம். அன்றைக்கு நடைபாதையில் சாக்பீஸால் பெரிய ‘உ’ வரைந்து, அந்தக் கோட்டின் மேல் உதிர்ந்த பூக்களை அடுக்குவோம். பத்து நிமிட வேலை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், காய்கறி வண்டிக்காரர் ஒருவர் கனகாம்பரம் இரண்டு கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். எழுத்து விரலில் பதிவது எங்களுக்கு இதில்தான் நடந்தது. நோட்டில் எழுதவைத்துப் பார்த்திருந்தால் அவள் அழுதிருப்பாள்.

‘ஊ’வுக்கு ஊர்வது. மழைக்காலத்தில் அடுக்குமாடி மதிலில் நத்தை, தரையில் மரவட்டை. மரவட்டை தொட்டால் சுருளும், அதற்குக் குச்சி போதும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இங்கே நிறைய, அவற்றை வெறும் கையால் தொடவேண்டாம்.

‘எ’தான் என் மகளுக்கு இன்றுவரை பிடித்த எழுத்து. எறும்புச் சாரையைக் கண்டுபிடியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். சாரைக்குக் குறுக்கே தரையில் விரலால் ஒரு கோடு அழுத்தித் தேயுங்கள். வந்த எறும்புகள் அங்கே நின்று தடுமாறும், சுற்றும், பிறகு வழியைக் கண்டுபிடிக்கும். முன்னால் போன எறும்பு விட்டுப்போன வாசனையைப் பிடித்துக்கொண்டு அவை நடக்கின்றன, நாம் அதை அழித்துவிட்டோம். கையில் கொஞ்சம் அரிசி மாவு கொண்டுபோனால் ‘எ’ என்று மாவால் எழுதிவிட்டுக் காத்திருக்கலாம், சிறிது நேரத்தில் எழுத்தைச் சுமந்துகொண்டு போவார்கள். கோலத்துக்கு அரிசி மாவு எதற்கு என்று கேட்டால் இதைக் காட்டிவிடலாம். கடிக்காத பிள்ளையார் எறும்பு எது, கடிக்கும் சித்தெறும்பு எது என்பதை முதலில் கற்றுக்கொடுங்கள். நாங்கள் அனுபவத்தில் கற்றோம். மாமரம் இருந்தால் அண்ணாந்து பாருங்கள். முசுறு எறும்புகள் தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு இழையால் இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டியிருக்கும். தூரத்திலிருந்து பாருங்கள், முசுறு கடித்தால் ஊரைக் கூட்டவேண்டும்.

‘ஏ’ ஏரி. எங்களுக்கு அல்சூர் ஏரி நடக்கும் தூரம், கரைப்பக்கம் திருவள்ளுவர் சிலைக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வரலாம். உங்களுக்குப் பக்கத்தில் சாங்கி ஏரியோ ஜக்கூரோ அகரமோ கைகொண்டனஹள்ளியோ இருக்கும். பெங்களூர் ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் கரை கட்டித் தேக்கியவை. ஒன்று நிரம்பினால் கால்வாய் வழியே அடுத்ததற்குப் போகும்படி அமைத்திருந்தார்கள், அந்தக் கால்வாய்களைத்தான் இங்கே ராஜகாலுவெ என்கிறார்கள். குழந்தைக்கு இது புரிய, வீட்டுக்கு வந்து மூன்று கிண்ணத்தைப் படிப்படியாக வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், சமையலறை ஏரியானது.

ஏரியில் தேடவேண்டியது இரண்டு. நீர்க்காகம் கல்லின் மேல் சிறகை விரித்துக்கொண்டு துணி காயப்போட்ட மாதிரி நிற்கும். அதன் இறகில் நீர் ஊறிவிடும், அதனால் வெயிலில் காயவைக்கிறது. இன்னொன்று முக்குளிப்பான், வாத்தைவிடச் சின்ன நீர்ப்பறவை. அது முங்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்க வேண்டும், எந்த இடத்தில் எழும் என்று பந்தயம். நான் இதுவரை ஜெயித்ததில்லை. கைப்பிடிச் சுவரில் குழந்தையை ஏற்றாதீர்கள். கரையில் தெருநாய் இருந்தால் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.

‘ஐ’க்கு ஐந்து இதழ்: செம்பருத்தி, நித்தியகல்யாணி, இப்படி எண்ணிக்கொண்டே போகலாம். கை விரலே அளவுகோல்.

‘ஒ’வில் ஒட்டகத்தைத் துரத்திவிட்டு ஒலியை வைத்தோம். பூங்காவில் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் நோட்டில் ஒரு கோடு. குட்ரூ குட்ரூ என்று விடாமல் கத்துவது குக்குறுவான், இலைக்குள் பச்சையாக இருப்பதால் கண்ணுக்கு அகப்படாது. மார்ச் வாக்கில் குயில் சேர்ந்துகொள்ளும். ஆட்டோ ஹாரனுக்கும் கோடு போடலாமா என்று கேட்டாள். போடச் சொன்னேன். அன்று ஹாரன்தான் முதலிடம்.

‘ஓ’ ஓணான். எங்கள் ஊரில் சிறுவயதில் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடுவோம், இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வெயில் ஏறியபின் வேலி ஓரம் பாருங்கள். ஆண் ஓணானின் கழுத்து இனப்பெருக்கக் காலத்தில் சிவந்திருக்கும், இரத்தம் குடிக்கிறது என்பதெல்லாம் கட்டுக்கதை.

‘ஔ’வில் மாட்டிக்கொள்வீர்கள். ஔ என்று தொடங்கும் ஒரு பூச்சிகூட எனக்கு அகப்படவில்லை. அதனால் ஔவையைப் பிடித்துக்கொண்டோம், ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைப் பிடித்துக்கொண்டோம். குளிர்காலத்தில் தள்ளுவண்டியில் நெல்லிக்காய் வரும்போது வாங்கிக் கடிக்கவைத்து, முகம் சுளித்ததும் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். தண்ணீர் இனிக்கும்! அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அடுத்தமுறை ஓசூர் வழியாக ஊருக்குப் போகும்போது அந்த ஊர்ப் பலகையைக் காட்டலாம்.

‘ஃ’ மிகச் சுலபம். எஃகை விட்டுவிடுங்கள். மூன்று புள்ளியைத் தேடினால் போதும். தேங்காயின் மூன்று கண் அச்சு அசல் ஃ. வில்வத்துக்கு மூன்று மூன்றாக இலை. தொட்டிச் செடியோரம் தானாக முளைக்கும் புளியாரைக்கும் அப்படியே. எங்கள் தெருவில் எல்லா மதிலிலும் வழியும் காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் மூன்று வண்ண இதழும் உண்மையில் இலைதான். ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ, அதுவும் மூன்று. பூதக்கண்ணாடியை அன்று மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நோட்டு

எழுத்துக்கு ஒரு பக்கம். பார்த்த பொருளைக் குழந்தை கிறுக்கட்டும், பெயரை நீங்கள் எழுதுங்கள், பக்கத்தில் கன்னடப் பெயர். காவலாளி, பூங்காத் தோட்டக்காரர், பூக்காரம்மா, யாரிடம் கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆல், ஆல. அணில், அளிலு. ஈச்சமரம், ஈசலு மர. எருக்கு, எக்க. எழுத்து மாறவே இல்லை. ஆனால் நம் இலை அங்கே எலெ, நம் எறும்பு அங்கே இருவெ, நம் எலி அங்கே இலி. இ-யும் எ-யும் எல்லையில் நின்று சட்டை மாற்றிக்கொண்ட மாதிரி! இந்தப் பக்கத்தைப் பள்ளி வேன் ஓட்டுநரிடம் மகள் காட்டியிருக்கிறாள். அவர் ஓணானுக்கு ஓதிக்யாத என்று சொல்லி அனுப்பினார்.

உயிர் முடிந்தபின் மெய்யெழுத்து வரிசைக்கு அவசரப்பட வேண்டாம். ண, ள, ற, ழ எல்லாம் சொல்லுக்கு முதலில் வராதவை, அவற்றுக்குச் சொல்லின் நடுவில் தேடும் ஆட்டம். ‘ற’வுக்கு லால்பாக் பாறை. சுமார் 300 கோடி வருடப் பழசு, நாட்டின் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. மகள் அதில் ஏறி உட்கார்ந்து, “பாட்டியைவிடப் பழசா?” என்று கேட்டாள். உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். காலை எட்டு மணிக்கே சூடு ஏறியிருந்தது.

இந்த வாரம் ‘ழ’. அதற்கு மழை வேண்டும். மூன்று நாளாக வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்துபோகிறது, குடை வாசலிலேயே இருக்கிறது.